கழுவிய காலை நீட்டினால் ஆண்டவர் எதைக் கழுவுவார்?

கேள்வி: திருமங்கலத்துக்காரர்

ஆண்டவருக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம்.

நான் திருமங்கலம் பக்கத்துச் சபை ஒன்றின் அங்கத்தினன். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். சபையை நிர்வகிக்கும் சேகரக் குழுவிலும் இரண்டு முறை இருந்திருக்கிறேன். இந்த ஆண்டு பெரிய வியாழன் ஆராதனையில், ஆண்டவர் கடைசி இராப்போஜனத்தில் சீஷர்களின் கால்களைக் கழுவியதன் நினைவாகக் கால் கழுவப்படும் பன்னிருவரின் பட்டியலில் என் பெயரையும் ஆயர் ஐயா வாசித்தார். அன்று மாலை வீட்டில் நான் செய்ததை மறைக்காமல் எழுதுகிறேன். குளித்த பிறகு தனியாக உட்கார்ந்து, குதிகாலைக் கல்லால் தேய்த்து, நகம் வெட்டி, தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து, புது வேட்டி கட்டிக்கொண்டு போனேன். மற்றவர்களும் அப்படியே வந்திருந்தார்கள் என்பது வரிசையாக நீட்டப்பட்ட கால்களைப் பார்த்ததும் தெரிந்தது. ஆயர் ஐயா செம்பிலிருந்து தண்ணீர் வார்த்து, துண்டால் துடைத்தார். தாம்பாளத்தில் விழுந்த தண்ணீர், செம்பில் எப்படி இருந்ததோ அப்படியே தெளிவாக இருந்தது.

அந்தத் தண்ணீரைத் தெருக்குழாயிலிருந்து குடத்தில் சுமந்து வந்து நிரப்பியவர், கோயிலைப் பெருக்கித் துடைக்கிற அம்மா. ஆராதனை முடிந்தபின் தாம்பாளத்தைத் தூக்கிப் போய் வேப்பமரத்தடியில் கொட்டியவரும் அவரே. வெறுங்காலோடு வாசல் ஓரம் நின்ற அவருடைய பாதங்களில் பித்தவெடிப்பும் செம்மண்ணும் இருந்தன. அந்த இரவில் கோயிலுக்குள் கழுவ வேண்டியிருந்த கால்கள் அவை இரண்டு மட்டுமே என்ற நினைவு, உயிர்த்தெழுந்த ஞாயிறு கடந்தும் என்னை விடவில்லை.

என் கேள்விகள் இவை. யோவான் 13ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் செய்தது தாழ்மைக்கு மாதிரியா, பாவத்திலிருந்து சுத்திகரிப்பா? 14ஆம் வசனம், "நீங்களும் ஒருவருடைய கால்களை ஒருவர் கழுவக்கடவீர்கள்" என்கிறது, அது மாதிரி. ஆனால் 8ஆம் வசனத்தில், "நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை" என்று பேதுருவிடம் சொல்லுகிறார். அது வெறும் மாதிரியைப் பற்றிய பேச்சாகத் தோன்றவில்லை.

இன்னொன்று என்னைப் பற்றியது. பதினான்கு ஆண்டுகளாக, ஞாயிறு மாலைகளில், மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குத் துணையாக வந்து வராந்தாவில் படுத்திருப்பவர்களுக்கு நாங்கள் சிலர் கஞ்சியும் துவையலும் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். கரண்டி பெரும்பாலும் என் கையில்தான் இருக்கும். இந்தப் பணி என்னைக் கழுவிக்கொண்டிருக்கிறது என்று நம்பியிருந்தேன். இப்போது திரும்பிப் பார்த்தால், ஆண்டுக்கு ஆண்டு என் பெருமைதான் வளர்ந்திருக்கிறது. பெருமையோடு செய்கிற ஊழியத்தை நிறுத்திவிடுவதா, தொடர்வதா? அறிந்தவர்கள் எழுதுங்கள்.


பதில்: அரசரடியில் படித்தவன்

ஐயா, நீங்கள் பிரித்துக் கேட்ட இரண்டும் அந்த அதிகாரத்தில் இருக்கின்றன. ஆனால் அவற்றுக்கு ஒரு வரிசை உண்டு. அந்த வரிசையைத்தான் நம் சபைகள் பெரும்பாலும் தவறவிடுகின்றன. முதலில் வருவது 8 முதல் 10 வரையுள்ள வசனங்களின் சுத்திகரிப்பு. மாதிரியைப் பற்றிய பேச்சு, அவர் வஸ்திரத்தை உடுத்திக்கொண்டு திரும்ப உட்கார்ந்த பிறகே தொடங்குகிறது. கழுவப்பட்டவர்களைப் பார்த்துத்தான் "நீங்களும் கழுவுங்கள்" என்றார்.

10ஆம் வசனத்தை நம் பழைய மொழிபெயர்ப்பில் நிதானமாக வாசியுங்கள்: "முழுகினவன் தன் கால்களைமாத்திரம் கழுவவேண்டியதாயிருக்கும்." முழுகுதல் ஒன்று, கழுவுதல் மற்றொன்று. கிரேக்க மூலத்திலும் முழு உடலைக் குளிப்பாட்டுவதற்கு ஒரு வினைச்சொல்லும், கையையோ காலையோ கழுவுவதற்கு வேறொரு வினைச்சொல்லும் வருகின்றன. தமிழாக்கியவர்கள் அந்த வேறுபாட்டைக் கைநழுவ விடவில்லை. குளித்துவிட்டு விருந்துக்கு நடந்து வருகிறவனுக்கு வழியில் ஒட்டுவது காலின் புழுதி மட்டுமே. விருந்து வீட்டு வாசலில் அவன் மறுபடி குளிக்க வேண்டியதில்லை. நம் கிராமத்து வீடுகளில், வெளியே போய் வந்தவன் திண்ணை ஓரத்துத் தண்ணீரில் குதிகால் நனையக் கழுவாமல் படியேற முடியாது என்பதை அறிந்தவர்களுக்கு இதற்கு விளக்கவுரையே தேவையில்லை. ஞானஸ்நானத்தில் முழுகினவனும் அன்றாடம் மண்ணில் நடக்கிறான். வட ஆப்பிரிக்காவின் இப்போ நகரத்து ஆயராக இருந்த அகுஸ்தீன், ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யோவான் நற்செய்திக்குச் செய்த பிரசங்கங்களில் இதை இப்படியே விளக்கி, "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்று நாள்தோறும் கேட்கும் விண்ணப்பத்தோடு இணைத்தார். 1 யோவான் 1:9 சொல்லும் பாவ அறிக்கையும் இதே கால் கழுவுதல்தான் என்று நான் கருதுகிறேன்.

இனி அந்தக் கடைசி இராப்போஜன அறையை நினைத்துப் பாருங்கள். பாத்திரம் இருந்தது, தண்ணீர் இருந்தது, துடைக்கும் துணியாகிய சீலையும் இருந்தது. கழுவ எழுந்திருக்க ஆள் இல்லை. அதே இராப்போஜனத்தில் சீஷர்கள் தங்களுக்குள் யார் பெரியவன் என்று வாக்குவாதம் செய்ததாக லூக்கா 22:24 சொல்லுகிறது. யோவானோ, அப்பமும் பாத்திரமும் பகிரப்பட்டதை விவரிக்காமல், அந்த இடத்தில் கால் கழுவுதலை விவரிக்கிறார். பெருமைக்காகச் சண்டையிட்டுக்கொண்டிருந்தவர்களின் கால்களைத்தான் ஆண்டவர் பிடித்தார். அவரைக் காட்டிக்கொடுக்கவிருந்த யூதாசின் கால்களும் அவற்றில் அடங்கும். அவனைத் தாண்டிப் போனார் என்று யோவான் எழுதவில்லை, ஆனால் "நீங்களும் சுத்தமாயிருக்கிறீர்கள், ஆகிலும் எல்லாரும் அல்ல" என்றார். தண்ணீர் பட்டும் ஒருவன் சுத்தமாகாமல் அங்கே உட்கார்ந்திருந்தான். ஆகவே சடங்கு தானாக எவரையும் கழுவிவிடாது என்பதும், தகுதியற்றவன் என்று எவரையும் அவர் விலக்கவில்லை என்பதும் ஒரே இரவில் தெரிந்துவிட்டன.

உங்கள் இரண்டாம் கேள்விக்குச் சற்றுக் கடுமையாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஊழியம் உங்களைக் கழுவும் என்று நம்பியதுதான் பிழை தொடங்கிய இடம். கழுவுகிறவர் அவர் ஒருவரே. கொடுத்த கஞ்சியை நாம் கணக்கில் வரவு வைக்கத் தொடங்கும்போது, கொலோசெயர் 2:23 "மாயமான தாழ்மை" என்று எச்சரிப்பதற்கு அருகில் வந்துவிடுகிறோம். அதற்காகக் கஞ்சியை நிறுத்திவிடாதீர்கள். உங்கள் பெருமை குணமாகும் வரையில் வராந்தாவில் இருப்பவர்கள் பட்டினி கிடக்க வேண்டும் என்பது எந்த வேதத்திலும் இல்லை. பணி நடக்கட்டும், அதை நடத்துகிறவர் நீங்கள் என்பது மட்டும் மாறட்டும்.

பேதுருவைப் பற்றி ஒரு வார்த்தை. "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்ற அந்த மனிதரே பிற்காலத்தில், "மனத்தாழ்மையை அணிந்துகொள்ளுங்கள்" என்று எழுதினார் (1 பேதுரு 5:5). அங்கே அவர் வழங்கும் கிரேக்க வினைச்சொல், வேலைக்காரர் மேலாடையாக முடிந்துகொள்ளும் துணியின் பெயரோடு தொடர்புடையது. அரையில் சீலை கட்டிய ஒருவரை அவர் கடைசிவரை மறக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.


பதில்: ஓய்வுபெற்ற செவிலியர்

ஐயா, எனக்கு இறையியல் தெரியாது; கால்கள் தெரியும். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் செவிலியராக இருந்தேன்; அதில் பெரும்பகுதி, மதுரைக்குக் கிழக்கே தொழுநோயாளிகளுக்கான ஒரு மருத்துவமனையில் கழிந்தது.

தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. கிருமி நரம்பைத் தாக்குகிறது. பாதத்தில் உணர்ச்சி போய்விடுகிறது. முள் குத்தினாலும், செருப்புக்குள் கல் கிடந்தாலும், சுடுமணலில் நடந்தாலும் தெரிவதில்லை. அடுத்தடுத்து வரும் புண்கள்தான் காலைத் தின்கின்றன. 1946இல் வேலூருக்கு வந்த மருத்துவர் பால் பிராண்ட், வலி தெரியாமற்போவதே இந்தச் சிதைவுக்குக் காரணம் என்பதைத் தம் நோயாளிகளிடம் கவனித்து நிறுவியபிறகுதான் எம்.சி.ஆர். என்னும் மென்மையான நுண்துளை ரப்பர் செருப்பும் பாதப் பராமரிப்பும் எங்கள் வேலையின் மையத்துக்கு வந்தன. நாங்கள் நாள்தோறும் செய்தது இதுதான்: நோயாளியின் பாதத்தை இருபது நிமிடமோ அரை மணி நேரமோ சாதாரணத் தண்ணீரில் ஊறவைப்போம், தடித்த தோலைச் சொரசொரப்பான கல்லால் மெதுவாகத் தேய்த்து எடுப்போம், ஈரம் காயும் முன் எண்ணெய் பூசுவோம், பிறகு உள்ளங்காலை விரல் விரலாகப் பார்ப்போம். பார்ப்பதுதான் முக்கியம். இன்று சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கும் நாள்தோறும் காலைப் பார்க்கச் சொல்லுகிறார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் கண்டு வியந்தது, அவர்கள் எவரும் காலை உடனே நீட்டமாட்டார்கள் என்பதுதான். வேட்டியால் மூடுவார்கள், புண்ணில்லாத காலை முதலில் காட்டுவார்கள். முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், "வேண்டாம் தாயி, நீ புள்ளைக்குச் சோறு ஊட்டுற கை" என்று மூன்று நாள் என்னைத் தொடவிடவில்லை. நான்காம் நாள், தம் காலை அவரே தண்ணீரில் வைத்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். துணிக்கட்டை அவிழ்த்தபோது உள்ளே துருப்பிடித்த ஆணி ஒன்று இருந்தது. பேதுருவின் மறுப்பு எப்படிப்பட்டது என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தப் பெரியவரின் முகம்தான் நினைவுக்கு வரும். அதில் அகந்தை இல்லை, வெட்கம் இருந்தது. ஆனாலும் ஆணி உள்ளேதான் இருந்தது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற மறு ஆண்டு இடுப்பெலும்பு முறிந்து ஆறு வாரம் படுக்கையில் கிடந்தேன். என்னைத் துடைத்து, மலம் எடுத்து, கால் கழுவிவிட ஓர் ஆயாம்மா வந்தார். இத்தனை பேருக்கு நான் செய்த வேலை அது. அதை என் உடம்பில் இன்னொருவர் செய்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. முதல் வாரம் முழுவதும் அவரிடம் சிடுசிடுவென்று பேசினேன். தண்ணீர் சூடு போதாது என்றேன், துணி ஈரம் என்றேன். கொடுக்கிற இடத்திலேயே முப்பது ஆண்டுகள் இருந்துவிட்டு, வாங்கத் தெரியாதவளாகிவிட்டிருந்தேன். இரண்டாம் வாரத்தில் ஒருநாள் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அட, வலியில பேசுறதுதானேம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த காலைத் துடைத்தார். என் வாழ்க்கையில் நான் கழுவப்பட்ட நாள் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அதைத்தான் சொல்வேன்.

கல்லால் தேய்த்து எண்ணெய் பூசிய காலை நீட்டினேன் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது, புண்ணில்லாத காலை முதலில் காட்டுகிற என் நோயாளிகள்தான் நினைவுக்கு வந்தார்கள். அதற்காக உங்களை நான் குறைவாக நினைக்கவில்லை, ஐயா. அடுத்த காலையும் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன். இந்தக் கேள்வியை எழுதியதே அதன் தொடக்கமாக இருக்கலாம்.


பதில்: கீழவெளி வீதி

நான் கத்தோலிக்கன். எங்கள் வழிபாட்டில் இச்சடங்கு ஆண்டவரின் இராவுணவுத் திருப்பலிக்குள்ளேயே நடக்கிறது. திருப்பலிக்குள் இதற்கு இடம் அளித்தது, திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் காலத்தில் 1955இல் வந்த புனித வாரச் சீர்திருத்தம். வெகு காலம் ஆண்களின் பாதங்களை மட்டுமே கழுவினார்கள். 2013இல் திருத்தந்தை பிரான்சிஸ் உரோமை நகரின் சிறார் சிறை ஒன்றில் பெண்கள், இசுலாமியர் உட்பட அங்கிருந்தவர்களின் பாதங்களைக் கழுவினார். 2016 சனவரியில் வெளியான ஆணையால் பெண்களும் இச்சடங்கில் முறைப்படி இடம் பெற்றார்கள். யாரை உட்கார வைப்பது என்பது சிறிய கேள்வி அன்று என்பதற்காக இதைச் சொல்லுகிறேன்.

கஞ்சி ஊற்றுகிற உங்களுக்காக இன்னொன்று. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கு நூலின் 35ஆம் அதிகாரம் சமையலறை முறைவேலையைப் பற்றியது. சகோதரர்கள் வாரம் மாறி மாறிச் சமையலறையில் பணி செய்ய வேண்டும். சனிக்கிழமை, வேலை முடிக்கிறவர் கைகால் துடைக்கும் துணிகளைத் துவைக்க வேண்டும். பிறகு அவரும் அடுத்த வாரத்துக்காரரும் சேர்ந்து எல்லோருடைய பாதங்களையும் கழுவ வேண்டும். பாத்திரங்களைச் சுத்தமாகக் கணக்கோடு திருப்பித் தர வேண்டும். பாதம் கழுவுதலும் பாத்திரம் கழுவுதலும் அங்கே ஒரே பத்தியில் வருகின்றன. கரண்டி ஒருவர் கையிலேயே பதினான்கு ஆண்டுகள் இருப்பதற்கு அந்த ஒழுங்கில் வழியே இல்லை.


பதில்: வாடிப்பட்டி

பெரியவர்கள் எழுதியதை மரியாதையோடு வாசித்தேன். ஆனால் ஒருவரும் கோயிலைப் பெருக்கும் அந்த அம்மாவைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை என்பது எனக்கு வலிக்கிறது. கேள்வி கேட்டவர் அவரைப் பார்த்தார். பதில் சொன்னவர்கள் கேள்வி கேட்டவரின் ஆத்துமாவைப் பார்த்தார்கள்.

என் அம்மாவும் ஒரு கிறிஸ்தவ நிறுவனத்தில் துப்புரவுப் பணி செய்கிறவர். அந்த நிறுவனத்தின் பெயரை எழுத விரும்பவில்லை. தாழ்மையைப் பற்றி அவர் கேட்ட பிரசங்கங்களுக்குக் கணக்கில்லை. ஏற்கெனவே தரையில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து இன்னும் தாழ்ந்து போ என்று சொல்வதற்கு யோவான் 13இல் ஆதாரம் கிடையாது. பந்தியில் சாய்ந்திருந்தவர்களில் உயர்ந்தவர் எழுந்தார். அடிமை செய்யும் வேலையை, அடிமை அல்லாதவர் தாமாக எடுத்துக்கொண்டார். பிலிப்பியர் 2:7, "தம்மைத்தாமே வெறுமையாக்கி, அடிமையின் ரூபமெடுத்து" என்கிறது. வெறுமையாக்குவதற்கு முதலில் ஏதாவது இருக்க வேண்டும். என் அம்மாவிடம் அப்படி எடுத்து வைக்க என்ன இருக்கிறது?

நம் மதுரை வட்டாரத்தில் இந்தத் தாழ்மையின் உரைகல் என்றுமே சாதிதான். 1834இல் இங்கே பணி தொடங்கிய அமெரிக்க மிஷன், தன்னிடம் சம்பளம் வாங்கிய உபதேசிமாரே (வேதம் கற்பிக்கும் ஊழியர்களே) ஒடுக்கப்பட்டவர் சமைத்ததை உண்ண மறுத்ததால் பெரும் பிளவைச் சந்தித்தது. பிறருக்கு உபதேசிக்க ஆயத்தமாக இருந்தவர்கள், அவர்கள் கையால் ஒரு வாய் சோறு வாங்க ஆயத்தமாக இல்லை. செவிலியர் அம்மா சொன்ன "வாங்கத் தெரியாமை" இதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் இது தனி மனிதரின் நோயாக மட்டும் இருந்ததில்லை.

ஆகையால் ஐயா, அடுத்த ஆண்டு அந்த அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்துக் கால் கழுவிப் படம் எடுத்துவிடாதீர்கள். அவருக்கு மாதச் சம்பளம் எவ்வளவு, அது எந்தத் தேதியில் கைக்கு வருகிறது, நோய் வந்தால் விடுப்பு உண்டா என்று உங்கள் குழுவில் கேளுங்கள். ஏழையின் கூலியைப் பொழுது போகுமுன் கொடுத்துவிட வேண்டும் என்று உபாகமம் 24:15 சொல்லுகிறது. நம் சபைகளின் காலில் ஒட்டியிருக்கும் மண் இதுதான். இதைக் கழுவுவதுதான் சுத்திகரிப்பு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.


மறுமொழி: திருமங்கலத்துக்காரர்

எல்லோருக்கும் நன்றி. உடனே பதில் எழுத என்னால் முடியவில்லை. அதனால் மூன்று வாரம் ஆகிவிட்டது. வாடிப்பட்டித் தங்கை எழுதியதை முதல் முறை வாசித்தபோது எனக்கு மனத்தாங்கல் வந்தது. மறுநாள் மீண்டும் வாசித்தேன். அதற்கடுத்த நாள் அந்த அம்மாவைப் பார்க்கப் போனேன். இத்தனை ஆண்டுகளில் அவர் எந்தத் தெருவில் குடியிருக்கிறார் என்பதுகூட எனக்குத் தெரியாது. விசாரித்துக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது.

பெரிய வியாழனன்று உங்கள் கால்களைக் கழுவ ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று வருத்தம் தெரிவித்தேன். அவர் பதறிப்போய், "அய்யய்யோ, நூறு பேர் முன்னாடி என் காலைக் காட்டவா? வேணாம் சார்" என்றார். வேறு ஏதாவது செய்ய வேண்டுமா என்று கேட்டதற்கு, சற்று யோசித்துவிட்டு இரண்டு காரியம் சொன்னார். கோயிலுக்குப் பின்புறம் ஒரு குழாய் வைத்துக் கொடுத்தால் தெருவிலிருந்து குடம் சுமக்க வேண்டியிருக்காது, முழங்கால் தாங்கவில்லை. சம்பளம் பத்தாம் தேதிக்கு மேல் சில மாதம் இருபதாம் தேதிகூட ஆகிவிடுகிறது. ஒன்றாம் தேதி கிடைத்தால் வட்டிக்கு வாங்க வேண்டாம். நான் குழுவில் இருந்த இரண்டு முறையும் அந்தச் சம்பளச் சீட்டில் கையெழுத்திட்டவர்களில் நானும் ஒருவன். தாமதம் என் மேசையிலும் நடந்திருக்கிறது. அவருடைய வீட்டு வாசலில் நின்று அதை அவரிடமே சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் எனக்குக் காபி கொடுத்தார். அரசரடி ஐயா சொன்ன வரிசை அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

குழாய்க்குக் குழு ஒப்புக்கொண்டுவிட்டது. அடுத்த வாரம் ஆள் வந்து பள்ளம் தோண்டுகிறார். சம்பளத் தேதியைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். சிலருக்கு அது அவசரமாகத் தெரியவில்லை, ஆனால் நான் விடுவதாக இல்லை.

கரண்டியை எங்கள் குழுவின் இளைஞர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, கடந்த இரண்டு ஞாயிறும் பின்னால் நின்று அண்டாவும் வாளியும் தேய்த்தேன். முதல் ஞாயிறு, நான் அங்கே தேய்த்துக்கொண்டிருப்பதை யாராவது கவனிக்கிறார்களா என்று நாலைந்து முறை நிமிர்ந்து பார்த்தேன். இரண்டாம் ஞாயிறும் பார்த்தேன். அந்த முறை பார்க்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது. வீட்டுக்கு வந்து அதை ஜெபத்தில் சொன்னேன்.